பூச்சி காணும்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, வாளியும் துடைப்பமுமாக ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த செலஸ்ரீனா, சாவியோடு உள்ளே போய்க்கொண்டிருந்த வேதவல்லியைப் பார்த்துச் சிரித்து, "என்ன பிள்ளை, பூச்சி காணும் என்ன?" என்றாள். பதிலுக்குக்கூட நிற்கவில்லை. அடுத்த மாடிக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது, வாளியின் கைப்பிடி கிறீச்சிடப் படியிறங்கிப் போய்விட்டாள். வேதவல்லி பையைத் தரையில் போட்டுவிட்டு வலைக்கூண்டுக்கு ஓடினாள். ஒருமுறை எண்ணினாள். பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி எண்ணினாள். வெள்ளிக்கிழமை மாலை சரியாக ஐம்பது இருந்தன. இப்போது நாற்பத்தாறுதான். நாலைக் காணவில்லை என்று கண்டுபிடிக்க அவளுக்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. தரை துடைக்க வந்தவளுக்கு அது எப்படி முன்கூட்டியே தெரிந்தது?

சந்தேகம் என்பது வேதவல்லிக்கு பலேர்மோவில் வந்த நோய் அல்ல. சாத்தூரிலிருந்தே கூட வந்தது. கல்லூரி விடுதியில் பற்பசைக்குப் பேனாவால் கோடு போட்டு வைத்தவள் அவள். பல்லாரோ சந்தையில் மீன்காரன் இரண்டு மத்தி கூடுதலாகப் போட்டால், வீட்டுக்கு வந்து அந்த இரண்டை மட்டும் பூனைக்கு வைத்துவிட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அல்பெர்கேரியாவில் அவள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்துக் கிழவி வாய் நிறையக் காலை வணக்கம் சொன்னால், இவளுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று படியேறும்வரை யோசிப்பாள். ஆராய்ச்சிக்கு இது நல்ல குணம் என்று கோயம்புத்தூரில் அவளுடைய வழிகாட்டி ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதைப் பட்டம் வாங்கியதுபோல வைத்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்தொரு வயதில் தோழிகள் என்று சொல்லிக்கொள்ள ஒருத்தியும் இல்லை. அதற்கும் காரணம் தோழிகள்தான் என்று நினைத்தாள்.

பூச்சி என்றால் சாதாரணப் பூச்சி அல்ல. வட அமெரிக்காவிலிருந்து விமானத்தில், மூன்று பெட்டிகளுக்குள் ஒரு பெட்டியாக, ஏழு கையெழுத்துகளோடு வந்த தத்துப்பூச்சி. நெல்லரிசி அளவுதான் இருக்கும். தோளிலிருந்து ஒரு கொம்பு முதுகுக்கு மேலே வளைந்து நிற்கும். திராட்சைத் தண்டில் பத்து உட்கார்ந்திருந்தால் பத்து முள் முளைத்திருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். தண்டைக் குத்திச் சாறு குடிப்பதும், பயந்தால் துள்ளுவதும், தண்டையே அதிரவைத்து ஒன்றோடொன்று ஏதோ சொல்லிக்கொள்வதும்தான் அதன் பிழைப்பு. இதன் பெரிய அண்ணன் ஒன்று எப்போதோ நாற்றுகளோடு கப்பலேறி வந்து ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இந்தச் சின்னது இன்னும் வரவில்லை. வந்துவிட்டால் என்ன ஆகும், இதன் ஊரிலேயே இதைப் பிடித்துத் தின்னும் குதிக்கும் சிலந்தி எந்த அளவுக்கு இதைக் கட்டுப்படுத்தும் என்பதுதான் வேதவல்லியின் ஆராய்ச்சி. சிலந்திகளும் அமெரிக்காவிலிருந்தே வந்தவை. இருபது சின்னக் கண்ணாடிப் பெட்டிகளில் இருபது, தனித்தனியாக. உயிருள்ள ஒன்றுகூட இந்த அறையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அறைக்குப் பூட்டு விழும், வேதவல்லியின் வேலையும் போகும், வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற, இத்தாலியில் இருப்பதற்கான அட்டையும் போகும். அறைச்சாவி மூன்று. ஒன்று பேராசிரியையிடம், ஒன்று அவளிடம், ஒன்று செலஸ்ரீனாவிடம்.

அதுவரை செலஸ்ரீனாவை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. முல்லைத்தீவுக்காரி, ஐம்பதை நெருங்குபவள். பதினொரு வருஷமாக இந்த ஊரில், துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கோப்பரேற்றிவாவின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அலுவலகங்களைத் துடைத்து வருகிறாள். எட்டு மாதத்தில் வேதவல்லி தமிழ் பேசியது பெரும்பாலும் அவளோடுதான். சிலந்திகளை முதன்முதலாகக் காட்டியபோது, "உது ஈப்புலியெல்லே!" என்று செலஸ்ரீனா கைகொட்டியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வலை பின்னாமல், ஈயைப் பார்த்துப் பதுங்கி, புலி மாதிரிப் பாய்ந்து பிடிப்பதால் ஈப்புலி. பத்து வருஷம் இதையே படித்த வேதவல்லிக்கு அந்தச் சொல் தெரியாது. அன்றே குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்தாள். பூச்சிகள் முட்டையிட்டுப் பெருக மாட்டேன் என்று அடம்பிடித்த வாரங்களில், "பத்தலக்கா, அம்பதாவது இருந்தாத்தான் வேலைய ஆரம்பிக்க முடியும்" என்று அவளிடம்தான் புலம்பினாள். செலஸ்ரீனாவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

இப்போது அந்தப் பொறுமைக்கே வேறு அர்த்தம் தெரிந்தது. இத்தனை நாள் ஏன் அவ்வளவு கேட்டுக்கொண்டாள்? ஏன் எண்ணிக்கையை விசாரித்துக்கொண்டே இருந்தாள்? வேதவல்லி அன்றைக்கே கூண்டின் ஜிப்புக்குக் குறுக்கே மெல்லிய ஒட்டுநாடா ஒன்றை ஒட்டினாள். மறுநாள் காலை நாடா ஒட்டியபடியே இருந்தது. பூச்சி இரண்டு குறைந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும், சரி, ஜிப்பை யாரும் திறக்கவில்லை, பிரச்சினை உள்ளேதான் இருக்கிறது என்று கூண்டுக்குள் தேடியிருப்பார்கள். வேதவல்லியோ, பிரித்த நாடாவைத் தடம் தெரியாமல் திரும்ப ஒட்டத் தெரிந்தவள் லேசுப்பட்டவள் இல்லை என்ற முடிவுக்கு வந்தாள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே வந்து, விளக்கைப் போடாமல், தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கதவின் கண்ணாடிச் சட்டம் வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது. செலஸ்ரீனா மேசைகளைத் துடைத்தாள், தரையைத் துடைத்தாள். பிறகு சிலந்திப் பெட்டிகளுக்கு முன்னால் குனிந்து நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள். ஒரு சிலந்தி முன்பக்கத்து இரண்டு பெரிய கண்களோடு அவள் பக்கம் உடம்பைத் திருப்பியது. "என்னடி, விடிஞ்சிட்டுது, இன்னும் படுக்கையோ?" என்று அவள் கேட்டது தாழ்வாரம் வரை கேட்டது. அப்புறம் பூச்சிக் கூண்டுக்கு வந்தாள். முகத்தை வலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மேலும் கீழும் பார்த்தாள். கை சட்டைப்பைக்குள் போயிற்று. கை வெளியே வந்தபோது அதில் கைப்பேசி இருந்தது. இரண்டு படம் எடுத்தாள், பையில் போட்டாள், வாளியைத் தூக்கினாள். யாருக்கு அனுப்புகிறாள்? யார் விலை பேசுகிறார்கள்? வேதவல்லியின் மூளை அதற்குள் மிலானுக்கும் அங்கிருந்து வேறெங்கோ உள்ள ஒரு போட்டி ஆய்வுக்கூடத்துக்கும் போய்விட்டு வந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்தவளிடம் நேரடியாகவே கேட்டுவிட்டாள். "அக்கா, அந்தக் கூண்டத் தொட்டீங்களா?"

செலஸ்ரீனாவின் முகம் சட்டென்று மாறியது. "தொடாதேங்கோ எண்டு எழுதி ஒட்டியிருக்கிறியள். பிறகேன் தொடுறன்?"

"பூச்சி காணும்னு திங்கக்கிழமை நீங்கதான சொன்னீங்க?"

"ஓம், சொன்னனான்." அவள் கொஞ்சம் இளகினாள், சிரிக்கவும் செய்தாள். "ஏன், காணும்தானே?"

எடுத்ததும் இல்லாமல், ஆமாம் காணோம்தானே என்று முகத்துக்கு நேரே சிரிக்கிறாளே என்று வேதவல்லிக்குக் காது மடல் சுட்டது. அவளைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறு வாரம் வெள்ளிக்கிழமை, எண்ணிக்கை முப்பத்தாறுக்கு இறங்கியபோது, பேராசிரியைக்கு ஆங்கிலத்தில் நான்கே வரி எழுதினாள். பூச்சிகள் குறைகின்றன. கூண்டு சேதமில்லை. துப்புரவுப் பணியாளரிடம் சாவி இருக்கிறது. நான் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே அவை காணாமல் போனதாக அவர் சொன்னார். நான்கு வரியிலும் பொய் என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதை அவள் மூன்று முறை சரிபார்த்தாள். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை நீலச் சட்டைக்குள் வேறொருவன் வந்தான். காதில் கம்பியை மாட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, மூலைகளை விட்டுவிட்டு நடுவில் மட்டும் துடைக்கும் ஒரு சிசிலியன். செவ்வாய்க்கிழமை பூச்சி முப்பத்து மூன்று. புதன்கிழமை முப்பத்தொன்று. வேதவல்லி குழம்பினாள். செலஸ்ரீனா போன பிறகும் குறைகிறதென்றால் இவனும் கூட்டுக் களவாணியாக இருக்கலாமா என்று அவனுடைய கால்சட்டைப் பைகளைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். ஒருவேளை நான் தவறாக எழுதிவிட்டேனோ என்ற எண்ணம் ஓரிரு தரம் எட்டிப் பார்த்தது. அதை அவள் நெடுநேரம் நிற்கவிடவில்லை.

புதன்கிழமை மாலை வேலை முடிந்து பல்லாரோவுக்குப் பின்னாலிருக்கும் மார்க்கண்டுவின் கடைக்குப் போனாள். அரிசியிலிருந்து அகர்பத்தி வரை விற்கும் சின்னக் கடை. அவளுக்கு முன்னால் ஒரு பெண் பச்சை மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தாள். மார்க்கண்டு கை நிறைய அள்ளித் தராசில் போட்டார், இன்னொரு கை அள்ளினார். அந்தப் பெண் உள்ளங்கையைக் குறுக்கே காட்டி, "காணும் அண்ணை, காணும். காணும் எண்டிறன்!" என்று கத்தினாள்.

வேதவல்லி இயல்பாகத் தரையைப் பார்த்தாள். "எதக்கா காணும்? பர்ஸா?"

அந்தப் பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மார்க்கண்டுதான் சிரித்தார். "பிள்ளை இந்தியாவோ? காணும் எண்டால் எங்களுக்குப் போதும். மிளகாய் போதும் எண்டுறா. நீங்கள் என்ன, துலைஞ்சு போனால் காணும் எண்டுறனீங்களோ?"

"ஆமா... எங்க ஊர்ல அப்படித்தான்."

"பாத்தியளே, ஒரு சொல்லுக்கு ரெண்டு ஊரிலை தலைகீழ்க் கருத்து!" என்று அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

வேதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. மிளகாய்ப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பூச்சி காணும் என்ன? ஐம்பது சேர்ந்துவிட்டதே, போதும்தானே பிள்ளை? அந்த வெள்ளிக்கிழமை காலைதான் அவள் செலஸ்ரீனாவிடம் ஐம்பது ஆகிவிட்டது என்று குதித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். இரண்டு நாள் லீவு கழித்து வந்தவள், அந்தச் சந்தோஷத்தை ஞாபகம் வைத்துக் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். ஏன், காணும்தானே என்று சிரித்ததும் அதுதான்.

மார்க்கண்டு அந்தப் பெண்ணோடு கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். "எங்கடை செலஸ்ரீனாவும் உப்பிடித்தான் ஒரு இந்தியப் பிள்ளையிட்டை மாட்டுப்பட்டுப் போனா. பூச்சி களவெடுத்தவ எண்டு எழுதிக் குடுத்திட்டுதாம். பூச்சியைக் களவெடுத்து என்ன, கறியே வைக்கிறது?" அந்தப் பெண் சிரித்தாள். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "சிரிப்பில்லைத் தங்கச்சி. இந்த வெள்ளி பதினொரு மணிக்கு குவெஸ்தூராவிலை, பொலிஸ் கந்தோரிலை, பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கோணும். வேலைக் கடிதம் இல்லாமல் என்னத்தைக் காட்டுறது? அவவின்ரை மகளின்ரை படிப்பு வேறை கிடக்கு."

வேதவல்லி எடுத்து வைத்திருந்த பருப்பை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். இந்த முறை பூச்சிகளை எண்ணவில்லை. முழுக் கூண்டையும் பிரித்தாள். ஒவ்வொரு தண்டாக வெளியே எடுத்து, பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தூரிகையால் குப்பிக்குள் தள்ளிவிட்டு, இலை இலையாகத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர்க் குப்பியில் செருகியிருந்த மூன்றாவது கொப்பில், காய்ந்து சுருண்ட ஓர் இலைக்குள், வெள்ளைப் பட்டுப் பை ஒன்று இருந்தது. ஊசியால் விலக்கியதும் சாம்பல் நிறத்தில், முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு குதிக்கும் சிலந்தி தலையை வெளியே நீட்டியது. அமெரிக்கச் சிலந்தி இல்லை. பலேர்மோவில் எந்தச் சுவரிலும் வெயில் காயும் உள்ளூர்ச் சிலந்தி. நன்றாகத் தின்று வயிறு உருண்டிருந்தது. இலைக்குக் கீழே குப்பியின் கழுத்தைச் சுற்றி, சாறு உறிஞ்சப்பட்ட கூடுகள் கொம்புகளோடு கிடந்தன. இத்தனை நாளும் அவற்றைக் காய்ந்த முள்ளென்று நினைத்து ஒதுக்கியிருந்தாள்.

அது எப்படி உள்ளே வந்தது என்று யாரையும் சந்தேகப்பட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. வெளியிலிருந்து வெட்டி வரும் கொப்பைக் கழுவி, தனி வலையில் இரண்டு நாள் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் கூண்டுக்குள் வைக்க வேண்டும். ஐம்பது சேர்ந்த அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பேருந்து வேலைநிறுத்தம். நடந்து போக வேண்டுமே என்ற அவசரத்தில், வெட்டிய கையோடு நேரே செருகிவிட்டுப் போனாள். பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். கழுவியது, தனியாக வைத்தது, சோதித்தது. மூன்று கட்டத்திலும் அவளுடைய கையெழுத்தில் சரி என்று குறி இருந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் இந்த ஒரு பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை.

நாள் முழுக்க அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். சிலந்தியை நசுக்கிக் குப்பையில் போட்டுவிடலாம். கணக்கில் பிசகிவிட்டேன், செலஸ்ரீனா மேல் தவறில்லை என்று பட்டும் படாமல் ஒரு வரி எழுதலாம். அதை வைத்து யாரும் அவளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தது. உண்மையை எழுதினால் பொய்க் குறியையும் எழுத வேண்டும். பொய்க் குறி போட்டவளை ஏழு கையெழுத்துப் பூச்சிகளோடு எந்தப் பேராசிரியை வைத்திருப்பாள்? அக்டோபரில் வேதவல்லியின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட வேண்டும். சாத்தூருக்குத் திரும்பிப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது? அவளுக்குப் பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, இரண்டில் எது பெரிது என்று தெரியவில்லை. நான்கு மணிக்கு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, செலஸ்ரீனா குடியிருக்கும் போர்கோ வெக்கியோவுக்கு நடந்தாள். முகவரியை மார்க்கண்டுவிடம் தொலைபேசியில் கேட்டபோது, "ஏன் பிள்ளை?" என்று அவர் கேட்டதற்கு, "நான்தான் அந்த இந்தியப் பிள்ளை" என்றாள். அவர் முகவரியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டாம் மாடியில் கதவைப் பாதி திறந்து, சங்கிலியை எடுக்காமலேயே செலஸ்ரீனா நின்றாள். நீலச் சட்டை இல்லாமல் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "ஆர் உங்களை அனுப்பினது?" என்றாள்.

"யாரும் அனுப்பலக்கா. நானாத்தான் வந்தேன்."

"கையிலை உதென்ன?"

"பதிவேடு. உங்ககிட்டக் காட்டணும்."

சங்கிலி விழுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. உள்ளே ஒரே அறை. மேசையில் குவெஸ்தூராவுக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் செலஸ்ரீனாவின் மகள் கேசிகா, பதினாறு வயதுப் பெண், பாடப் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாரும் தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. வேதவல்லி நின்றபடியே சொன்னாள். வேலைநிறுத்தம், கொப்பு, சிலந்தி, மூன்று குறிகள். கடைசியில் அந்தச் சொல்லையும் சொன்னாள். தன் ஊரில் காணும் என்றால் தொலைந்துபோனது என்று அர்த்தம், அதனால்தான் தப்பாகப் போய்விட்டது என்றாள்.

செலஸ்ரீனா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "காணாமல் போறதை நாங்கள் காணும் எண்டு சொல்லுறேல்லைப் பிள்ளை," என்றாள். "என்ரை தம்பியைப் பதினைஞ்சு வரியத்துக்கு மேலை தேடுறம். அதுக்கு எங்களிட்டை வேறை சொல்லு கிடக்கு. நீங்கள் என்னட்டை ஒருக்கால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"கேட்டேன்கா..."

"இல்லை. நீங்கள் விசாரிச்சனீங்கள்."

கேசிகா தாயின் கைப்பேசியை எடுத்து மேசையில் தள்ளினாள். "அம்மா ஒவ்வொரு நாளும் விடியக்காலமை எனக்கு அனுப்புறது இதுதான், வடிவாப் பாருங்கோ." திரையில் சிலந்திகளின் படங்கள், இடையிடையே பூச்சிக் கூண்டின் படங்கள், வரிசையாக இருந்தன. ஒவ்வொரு சிலந்தியின் கீழும் செலஸ்ரீனா மகளுக்கு எழுதியது: எழும்பு, பள்ளிக்கு வெளிக்கிடு, ஈப்புலி எழும்பியிட்டுது. வேதவல்லி இரண்டுக்கு மேல் பார்க்கவில்லை.

"இப்ப என்ன செய்யப்போறியள்?" என்றாள் செலஸ்ரீனா.

"புரொஃபசருக்கும் உங்க கோப்பரேற்றிவாவுக்கும் எழுதறேன். நாளைக்குள்ள உங்களுக்கு லெட்டர் குடுக்கச் சொல்றேன்."

"இப்பவே எழுதுங்கோ. என்ரை கண்ணுக்கு முன்னாலை."

வேதவல்லி உட்கார்ந்து கைப்பேசியில் எழுதினாள். கேசிகா பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில், "அஸ்பெத்தா, பொறுங்கோ. இது சரியில்லை," என்று விரலை வைத்தாள். தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தது. "ஆர் செய்தது எண்டு இல்லையே?" வேதவல்லி அதை அழித்துவிட்டு, நான் செய்த தவறு என்று எழுதினாள். பதிவேட்டில் பொய்க் குறி போட்டதையும் எழுதினாள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சேர்த்தாள். முழுப்பெயரையும் போட்டு அனுப்பினாள். அனுப்பப்பட்டது என்று திரையில் வந்ததைக் கேசிகா தமிழில் தாய்க்குச் சொன்னாள். எல்லாம் முடிந்தது என்று எழுந்தாள் வேதவல்லி.

செலஸ்ரீனா கதவுக்கு முன்னால் நின்றாள். "மெயில் அனுப்பினால் அவையள் திங்கக்கிழமைதான் பாப்பினம். எனக்கு வெள்ளி பதினொரு மணி. காலமை எட்டுக்குக் கோப்பரேற்றிவா வாசலுக்கு நீங்கள் வரோணும். வந்து வாயாலை சொல்லோணும்."

"கண்டிப்பா வர்றேன்கா."

"வருவியள் எண்டு நான் என்னெண்டு நம்புறது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விவரத்தைப் போலக் கேட்டாள். தன் வாக்கை நம்பச் சொல்லத் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது வேதவல்லிக்கே தெரிந்தது.

"பெர்மெஸ்ஸோ வைச்சிருக்கிறியளே?"

"இருக்கு."

"அதை இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ. நாளைக்கு எட்டு மணிக்கு வாசல்லை வைச்சுத் தாறன்."

கேசிகா தாயின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் இது எதிர்பாராததுதான். வேதவல்லியின் உடம்பு முழுக்க வேண்டாம் என்றது. இவள் தராமல் போனால்? தொலைத்துவிட்டேன் என்றால்? கத்தரித்துப் போட்டுவிட்டால்? வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டால்? சந்தேகப்படுவதற்கு என்னென்ன உண்டோ அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. அவள் செலஸ்ரீனாவின் கண்களைப் பார்த்தாள். அவை அவளையே அளந்துகொண்டிருந்தன. அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான், ஆனால் இதுவரை வெளியிலிருந்து பார்த்ததில்லை. பையைத் திறந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். செலஸ்ரீனா அதை எடுத்துப் படத்தையும் அவள் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தன்னுடைய காலாவதியாகப்போகும் அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையைக் காகிதங்களின் அடியில் செருகினாள். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள்.

"எட்டு மணி," என்றாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. போர்கோ வெக்கியோவின் சின்னச் சந்தையில் கடைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வேதவல்லி பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பொலித்தியாமா சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்குள்ள நாடக அரங்கத்துப் படிகளின் கீழே காவலர்கள் இரண்டு பேர், குடை விற்கும் ஒரு வங்காளத்தானை நிறுத்தி வைத்து அவனுடைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்துக்கொண்டு நின்றான். அட்டை இல்லாத பையோடு அவள் வேகத்தைக் குறைத்தாள், பிறகு குறைத்தால் கவனிப்பார்களோ என்று கூட்டினாள், பிறகு பேருந்து நிறுத்தத்தில் நின்று நேர அட்டவணையை வாசிக்க ஆரம்பித்தாள். எந்தப் பேருந்து எங்கே போகிறது என்று ஓர் எழுத்துக்கூட மண்டையில் ஏறவில்லை. வங்காளத்தானின் காகிதங்களை மடித்துக் கொடுத்த காவலன் தலையை நிமிர்த்தி, நிறுத்தத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, அவளிடம் வந்ததும் பார்வையை நிறுத்தினான்.